கைக்கு எட்டும் மருந்து

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் மொழி. காய்ச்சலும் சளியும் சில நாள்களில் நம்மை விட்டு நீங்கிவிடுகின்றன. ஆனால் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உடன் வருபவை. இவற்றுக்கு நாள்தோறும் மருந்து வேண்டும். நடுவில் நிறுத்தினால் பல வேளைகளில் உடனே துன்பம் ஒன்றும் தெரியாது. ஆகவே பலர் நிறுத்திவிடுகின்றனர். பின்னர் ஒருநாள் பக்கவாதமோ, மாரடைப்போ, சிறுநீரகப் பழுதோ வந்து குடும்பத்தையே நிலைகுலையச் செய்கிறது.

மருந்தைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா? 1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்தனர். மறு ஆண்டு சனவரியில், எங்களை ஒத்த வயதினனாகிய 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் இருந்த அவன் பிழைத்தான். 1923-இல் அதன் காப்புரிமை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குப் பெயரளவான விலைக்கே வழங்கப்பட்டது. ஆயினும் நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் இன்சுலின் கிட்டாத ஏழைகள் உலகில் பலர் உள்ளனர். மருந்து இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு அன்றோ?

அதை எட்டச் செய்யும் வழியை ஆராய்வோம். முதற்படி, தேர்ந்தெடுத்தல். எந்த மருந்து பெரும்பாலோர்க்குத் தேவை, எது மெய்யாகவே பயன் தருகிறது என்று சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 1977-ஆம் ஆண்டு இன்றியமையா மருந்துகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது.

இரண்டாம் படி, சிக்கனமாக வாங்குதல். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. பட்டியலில் உள்ள மருந்துகளை அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒப்பந்தப்புள்ளி கோரி இக்கழகம் மொத்தமாக வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. மாதிரிகள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, தரமானவை மாவட்டக் கிடங்குகளிலிருந்து அனுப்பப்படுகின்றன. இராசத்தான் மாநிலமும் 2011-இல் இத்தகைய கழகம் ஒன்றை அமைத்தது.

மூன்றாம் படி, வீடு வரை கொண்டு சேர்த்தல். 2020-இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, இரத்தக் கொதிப்பு உள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கும், நீரிழிவு உள்ளோரில் ஏறத்தாழ 11 பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதைக் காட்டியது. மருத்துவமனையில் மருந்து இலவசந்தான். ஆனால் அதைப் பெற ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். முதியோர்க்குத் துணையும் வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, மாத்திரைகளைத் தருகின்றனர். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

நான்காம் படி, மீண்டும் அளந்து பார்த்தல். எத்தனை மாத்திரைகள் கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் போதாது. எத்தனை பேருக்கு நோய் அடங்கியது என்றும் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தால்தான் எங்கே குறை, எதை மாற்றலாம் என்பது விளங்கும்.

நல்ல சமாரியன் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அவர் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றார். நாட்பட்ட நோயாளிக்கு வேண்டியதும் இத்தகைய தொடர்ந்த அன்பே.

மாணவியராகிய நாம் என் செய்யலாம்? தாத்தா, பாட்டியின் மாத்திரைகள் தீருமுன் நினைவூட்டலாம். சோதனை அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அவர்கள் மருந்தை நிறுத்த முற்படும்போது, மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது என்று அன்போடு எடுத்துச் சொல்லலாம். நாட்டின் திட்டம் நம் வாசற்படி வரை வருகிறது. அதற்கு அப்பால் உள்ள சில அடிகள் நம் பொறுப்பு.