யுத்தப் பதக்கமும் டிஸ்சார்ஜ் புத்தகமும்

கேள்வி: ஐயா, நான் 1967ஆம் ஆண்டில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 1984இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கிக்கொண்டு சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறேன். 1971 யுத்தத்தில் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆற்றருகே கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தேன். சண்டை ஓய்ந்த சில மாதங்களில் வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டுக்குள் கடல் புகுந்து, டிரங்குப் பெட்டியோடு டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மெடல்களையும் கொண்டுபோய்விட்டது. பிறகு பெங்களூர் ரெக்கார்ட் ஆபீஸில் டூப்ளிகேட் வாங்கினேன். அதில் ஒன்பது வருஷ சேவை மெடல் மட்டும்தான் இருக்கிறது. நான் நெஞ்சில் குத்திக்கொண்ட சங்கிராம் மெடலும், சுதந்திர இருபத்தைந்தாம் ஆண்டு மெடலும் அதில் இல்லை. பஸ்சிமி ஸ்டார் எனக்குக் கடைசிவரை கைக்கு வரவே இல்லை. இது தவிர, 'சேனா மெடலுக்கு உன் பேரை எழுதியிருக்கிறேன்' என்று அந்நாளில் கம்பெனி கமாண்டர் சொன்னார், அதுவும் வரவில்லை. செங்கற்பட்டு கோர்ட்டில் கேஸ் போடு என்கிறார் ஒருவர். கடையில் விற்கிறது, வாங்கி மாட்டிக்கொள் என்கிறார் இன்னொருவர். இத்தனை வருஷம் கழித்துத் திருத்த வழி உண்டா?
— ஒரு வாசகர், சதுரங்கப்பட்டினம்

பதில்: அன்பார்ந்த ஹவில்தார் ஐயா, தங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனியான கோரிக்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தங்களுக்குக் கிடைத்து, பின்பு கடலில் போன பதக்கங்கள் ஒரு வகை. தங்களுக்கு உரியதாயிருந்தும் என்றுமே கைக்கு வராத பதக்கம் இன்னொரு வகை. மேலதிகாரி சிபாரிசு செய்ததாகச் சொன்ன, ஆனால் வழங்கப்படாத வீரப் பதக்கம் மூன்றாவது வகை. முதல் இரண்டுக்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு, மூன்றாவதற்கு இல்லை. மூன்றையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், பலமற்ற மூன்றாவது கோரிக்கை மற்ற இரண்டின் பலத்தையும் குன்றச் செய்யுமாதலால், அதைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அரசியல் சாசனத்தின் 18ஆவது ஷரத்து பட்டங்களை ஒழித்தபோதே, ராணுவ விருதுகளையும் கல்வித் தகுதிகளையும் அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்தது. ஆயினும் வீரப் பதக்கம் என்பது அரசு தன் விவேகத்தால் அளிக்கும் கௌரவமேயன்றி, பிரஜை உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடிய பாத்தியதை அல்ல. சிபாரிசு மேலே மேலே சென்று, ஒவ்வொரு படியிலும் பரிசீலிக்கப்பட்டு, ஏற்கப்பட்டாலொழிய அது பதக்கம் ஆவதில்லை. கார்கில் யுத்தத்தில் பட்டாலிக் முனையில் 70ஆவது படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவீந்தர் சிங், தம்முடைய யுத்த நடவடிக்கைகளைப் பற்றிய அறிக்கை பாரபட்சமாக எழுதப்பட்டது என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகியபோது, டில்லியிலுள்ள முதன்மை அமர்வு 2010ஆம் ஆண்டு மே மாதம் அவர் பக்கமே நியாயம் இருக்கிறதென்று கண்டு, உத்தியோக பூர்வமான குறிப்புகளைத் திருத்துமாறு உத்தரவிட்டது. அந்த வழக்கிலும் நியாயஸ்தலம் எழுத்திலிருந்த பிழையைத்தான் திருத்தியது. தானே ஒரு வீரச் சக்கரத்தை எடுத்து அவர் மார்பில் அணிவித்துவிடவில்லை. தங்கள் விஷயத்திலோ, கமாண்டரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாக்ஷியம் இல்லை. ஆகவே சேனா மெடல் பற்றிய பேச்சை மனுவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மற்றப் பதக்கங்களின் தன்மை முற்றிலும் வேறு. பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் இரண்டும் 1973ஆம் ஆண்டில் நிறுவப்பட்டவை. முன்னது மேற்குப் போர்முனையில் குறிப்பிட்ட எல்லைக்குள் சேவை செய்தவர்களுக்கும், பின்னது அந்த யுத்த காலத்தில் அறிவிக்கப்பட்ட பிரதேசங்களில் பணியிலிருந்தவர்களுக்கும் உரியது. சுதந்திர இருபத்தைந்தாம் ஆண்டு மெடலோ, 1972 ஆகஸ்டு 15 அன்று படையில் இருந்த ஒவ்வொருவருக்கும் உரியது. இவற்றில் எவருடைய தயவுக்கும் விவேகத்துக்கும் இடமில்லை. நிபந்தனை பூர்த்தியானால் பதக்கம் உண்டு, இல்லையேல் இல்லை. 1967இல் சேர்ந்து 1984இல் விலகியவர் 1972 ஆகஸ்டு 15 அன்று படையில் இருந்தாரா என்பதற்குத் தங்கள் பென்ஷன் உத்தரவே போதுமான பிரமாணம்; வேறொரு காகிதமும் வேண்டியதில்லை.

பஸ்சிமி ஸ்டார் வராமற்போனதற்குக் காரணத்தையும் தங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. யுத்தம் நடந்தது 1971 டிசம்பரில். பதக்கம் பிறந்தது 1973இல். இடையில் தாங்கள் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டீர்கள். யுத்தத்தில் ஈடுபட்ட யூனிட் தன் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தபோது தாங்கள் அதில் இல்லை. புதிய யூனிட்டோ தன்னிடம் வந்தவர் முன்பு எங்கே இருந்தார் என்று ஆராய்ந்திருக்காது. நம்மவர்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு குமாஸ்தா ஒரு விதமாகவும் இன்னொரு குமாஸ்தா இன்னொரு விதமாகவும் எழுதியதாலும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராக எண்ணி மாற்றிப் பதிந்ததாலும் நேர்ந்த குழப்பங்களும் அநேகம். ஆதலால் தங்கள் கடிதங்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் பெயருக்கு முன்பாக ஆர்மி நம்பரை எழுதுங்கள். பெயரில் ஆயிரம் மாற்றம் வந்தாலும் நம்பர் ஒன்றுதான்.

இங்கே வாசகர்கள் அனைவரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. படைவீரர் ஒருவரின் வாழ்க்கையில் நிகழும் மாற்றம், பதவி உயர்வு, பதக்கத் தகுதி ஆகியவை யாவும் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் உத்தரவில் வெளியிடப்பட்டு, பிறகு அவருடைய 'ஷீட் ரோல்' என்னும் சேவைப் பதிவேட்டில் ஏறுகின்றன. டிஸ்சார்ஜ் புத்தகம் என்பது அந்தப் பதிவேட்டின் சாரமே. தாங்கள் இழந்த மூலப் புத்தகத்தில் சங்கிராம் மெடல் இருந்து, இப்போதைய டூப்ளிகேட்டில் இல்லையென்றால், ஒன்று டூப்ளிகேட் தயாரித்தவர் விட்டிருக்க வேண்டும், அல்லது மூலத்தில் எழுதியதற்கு ஆதாரமான உத்தரவு ஷீட் ரோலில் ஏறாமல் இருந்திருக்க வேண்டும். எது நேர்ந்தது என்று தெரியாமல் மனு எழுதுவது இருட்டில் அம்பு எய்வதாகும். ஆகவே முதற்காரியம், பதிவேட்டைப் பார்ப்பது.

அதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தங்களுக்குத் துணை நிற்கிறது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை இணைத்து, பெங்களூரிலுள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப் (மெட்ராஸ் சாப்பர்ஸின் உத்தியோகப் பெயர் அதுவே) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். மற்ற வாசகர்கள், மெட்ராஸ் ரெஜிமெண்ட்டாயிருந்தால் வெலிங்டனுக்கும், பீரங்கிப் படையாயிருந்தால் நாசிக் ரோடுக்கும், சிக்னல்ஸாயிருந்தால் ஜபல்பூருக்கும், இ.எம்.இ.யாயிருந்தால் செகந்திராபாத்துக்கும் எழுத வேண்டும். அந்த விண்ணப்பத்தில் நான்கு பிரதிகளை மட்டும் கேளுங்கள்: தங்கள் ஷீட் ரோல், தங்கள் பெயரில் பதக்கம் பற்றி வெளியான பார்ட் டூ ஆர்டர்கள், 1971 முதல் 1973 வரை தாங்கள் எந்தெந்த யூனிட்டில் இருந்தீர்கள் என்னும் பதிவு, மூல டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அலுவலகப் பிரதி. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் மறுத்தாலும் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கும், அதன் பின் 90 நாட்களுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்கும் செல்லலாம்.

பதிவேடே அழிந்துவிட்டது என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். பென்ஷன் பெறாதவர்களின் சேவை ஏடுகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ ஒழுங்குவிதி. தாங்கள் பென்ஷன்தாரர் ஆதலால் அந்த விதியைத் தங்கள் மேல் பிரயோகிக்க முடியாது. அன்றியும் 'லாங் ரோல்' என்னும் சுருக்கப் பதிவு நிரந்தரமாக வைக்கப்படுவது. ஏடு அழிந்த நிலையிலும் உண்மையை நிலைநாட்ட முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த சம்பவம் ஒன்று சான்று. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீரர்களின் கோப்புகள் சாம்பலாயின. அந்நாட்டார் சம்பளச் சீட்டு, யூனிட்டின் தினசரி அறிக்கை போன்ற பக்கத்து ஆவணங்களிலிருந்து ஒருவருடைய சேவையை மீண்டும் கட்டி எழுப்புகிறார்கள்; சேவைப் பதிவுகளிலுள்ள பிழைகளை விசாரிப்பதற்கென்றே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனி வாரியங்களும் அங்கே ஏற்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் அதற்கெனத் தனி வாரியம் இல்லையாயினும், பக்கத்து ஆவணங்களைக் கொண்டு நிரூபிக்கும் முறை நமக்கும் உரியதே.

தங்கள் வீட்டுக் காகிதங்களைக் கடல் கொண்டது. உறவினர் வீட்டுக் காகிதங்களை அல்லவே. அந்நாளில் தாங்கள் திருக்கழுக்குன்றத்திலோ செங்கற்பட்டிலோ இருந்த உறவினர் எவருக்கேனும் கடிதம் எழுதியிருந்தால், அந்த இன்லேண்டு கடிதத்தின் மேலிருக்கும் தபால் முத்திரையையும் தங்கள் விலாசத்தையும் பாருங்கள். விலாசத்தில் '56 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் அது மேற்குப் பக்கத்துப் படைகளின் தபால் வழி. கிழக்குக்கு '99 ஏ.பி.ஓ.' அந்த விலாசமும் தேதியோடு கூடிய முத்திரையும் தங்களை மேற்குப் பக்கத்துப் படைகளோடு நிறுத்தும் நல்ல சாக்ஷியம். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம் உரியவர் காவலிலிருந்து வருமாயின், அதன் கையெழுத்து உண்மையென்றே அனுமானிக்கலாம் என்னும் விதி, 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமத்திலும் தொடர்கிறது. தங்களோடு அதே கம்பெனியில் இருந்தவர் எவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்திலாவது பஸ்சிமி ஸ்டார் பதிவாகியிருந்தால், அதன் பிரதியும், 'இவரும் நானும் ஒரே இடத்தில் இருந்தோம்' என்னும் அவருடைய பிரமாண வாக்குமூலமும் முத்திரையைக் காட்டிலும் வலுவானவை.

இவற்றைச் சேர்த்துக்கொண்டு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் மனு அனுப்புங்கள். அதன் நகல் ஒன்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கொடுத்து, அவர்களுடைய பரிந்துரையோடு செல்லும்படி செய்யுங்கள். பஸ்சிமி ஸ்டார் விஷயத்தில், தகுதியைப் பதிந்து பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டுப் பதக்கத்தை வழங்குமாறு கேளுங்கள். மற்ற இரண்டின் விஷயத்தில், பதிவைத் திருத்தி, விதிப்படியான கட்டணத்துக்கு மாற்றுப் பதக்கம் தருமாறு கேளுங்கள். அதற்குக் காணாமற்போனது பற்றிய காவல் நிலையத்து ரசீதையும், சுனாமி நிவாரணம் பெற்ற சான்றிதழ் இருந்தால் அதையும் இணைப்பது அவசியம்.

மனு அனுப்பி 6 மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால், அல்லது மறுப்பு வந்தால், செல்ல வேண்டிய இடம் செங்கற்பட்டு சிவில் நீதிமன்றம் அன்று. 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சேவை விவகாரங்களில் சிவில் கோர்ட்டுகளின் அதிகாரத்தை நீக்கிவிட்டது. தாங்கள் அணுக வேண்டியது அத்தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை. அங்கே ஓய்வு பெற்றவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய வாரிசுகளும் வழக்குத் தொடுக்கலாம். மறுப்பு வந்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள்ளும், பதிலே வராவிட்டால் முதல் 6 மாதம் கழிந்த பின் அடுத்த 6 மாதத்துக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும்.

காலதாமதம்தான் தங்கள் வழக்கின் பலவீனம். அதை மறைக்க எனக்கு மனமில்லை. நம் தமிழ்நாட்டிலிருந்தே சென்ற சி. ஜேக்கப் வழக்கில், பல்லாண்டு உறங்கிய கோரிக்கைக்கு அலுவலகம் இன்று ஒரு பதில் எழுதிவிட்டது என்பதனாலேயே வழக்குரிமை உயிர்பெற்று எழுந்துவிடாது என்று 2008இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தர்சேம் சிங் வழக்கில், மாதந்தோறும் நிகழும் பென்ஷன் குறைபாடு தொடர்ந்து இழைக்கப்படும் அநீதியாதலால் தாமதம் அதற்குத் தடையாகாது என்றும் சொன்னது. சேவைப் பதக்கத்தால் பென்ஷன் ஒரு பைசாவும் கூடுவதில்லையாதலால், இந்த இரண்டாவது தீர்ப்பின் நிழலில் தாங்கள் ஒதுங்க முடியாது. தங்களுக்குள்ள வழி, தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோருவதே. டூப்ளிகேட் புத்தகம் கைக்கு வந்த பிறகே பதிவு விடுபட்டது தெரிந்தது என்பதும், மூலத்தைச் சுனாமி அழித்தது என்பதும், பிறரது சீனியாரிட்டியையோ பதவியையோ இந்தத் திருத்தம் பாதிக்காது என்பதும் தங்கள் பக்கத்து நியாயங்கள். இவை இழந்த இரண்டு பதக்கங்களுக்குப் பூரணமாகப் பொருந்தும்; 1973 முதலே வரவில்லையென்று தாங்கள் அறிந்திருந்த பஸ்சிமி ஸ்டாருக்கு அவ்வளவு பொருந்தா. அதனால்தான் அந்தப் பதக்கத்துக்கு ஆதாரத்தை அதிகம் தேடச் சொல்கிறேன்.

வழக்குச் செலவு பற்றிய கவலை இருந்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களையும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களாகக் கூறுகிறது. செங்கற்பட்டில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சுனாமி பாதிப்பைச் சொல்லி விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, கடையில் வாங்கும் பதக்கத்தைப் பற்றி. உரியவர் அணிவதற்காக ஒரு நகலை வாங்குவதில் பெருங்குற்றம் காண்பவன் அல்லேன். ஆனால் அது பதிவேட்டில் ஒரு எழுத்தையும் சேர்க்காது. தங்கள் பேரப்பிள்ளைகள் நாளைக்குச் சான்று கேட்டால் செல்லுபடியாவது ஷீட் ரோலில் உள்ள வரியே. முதலில் தகவல் விண்ணப்பத்தை அனுப்புங்கள். பதில் வந்த பின் மனு. மனுவுக்குப் பின், அவசியமானால் மட்டும், சென்னைத் தீர்ப்பாயம். மாமல்லபுரம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரையிலுள்ள மற்ற முன்னாள் படைவீரர்களும் இன்றே தங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பதக்கப் பகுதியைப் படித்துப் பார்த்து, குறையிருந்தால் கூடவே பணிபுரிந்த சாக்ஷிகள் உயிரோடிருக்கும்போதே எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.