ஹோல்காவில் எடுக்கும்போது

1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் டி.எம். லீ வடிவமைத்த மலிவு கேமரா ஹோல்கா. 120 ஃபிலிம், 60 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ், ஏறக்குறைய 1/100 நொடியில் ஒரே ஷட்டர் வேகம், அவ்வளவுதான். ஓரம் கறுக்கும், மூலை மங்கும், ஒளி கசியும். இதற்காகவே இன்று தேடி வாங்குகிறார்கள். ஆனால் எந்தக் குறை நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்ற முடிவையும் கேமராவிடமே விட்டுவிட்டால் ரோல் வீண்.

செய்ய வேண்டியவை

• ஐ.எஸ்.ஓ. 400 நெகட்டிவ் ஃபிலிமில் தொடங்குங்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனாலும் தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

• பின்மூடியின் இரு கிளிப்புகள் மேலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். தோள்வார் அவற்றில்தான் மாட்டியிருக்கிறது. இழுபட்டு மூடி கழன்றுவிடுவது இதன் பழைய வியாதி. எண் தெரியும் சிவப்பு ஜன்னலையும் மூடிவைத்து, ஃபிலிமைச் சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று திறந்து பாருங்கள்.

• தூரத்தைக் கண்ணால் அளந்து லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கள். ஒற்றை ஆள் படம் சுமார் 1 மீட்டர், மூவர் 2, கூட்டம் 6, மலை 10 மீட்டருக்கு அப்பால்.

• ஒரே சட்டத்தில் இரண்டு காட்சி எடுத்துப் பாருங்கள். ஷட்டருக்கும் சுற்றும் குமிழுக்கும் இதில் தொடர்பே கிடையாது. சுற்றாமல் எத்தனை முறையும் அழுத்தலாம். என்னைக் கேட்டால் ஹோல்கா வாங்க இந்த ஒரு காரணமே போதும். முதலில் வெளிறிய வானத்துக்கு எதிரே ஒருவரின் பக்கவாட்டு முகத்தை நிழலுருவாக எடுங்கள். வானம் பட்ட இடத்தில் ஃபிலிம் நிரம்பிவிடும். முகம் இருந்த இடம் காலியாகவே கிடக்கும். அடுத்து ஒரு வேப்பங்கிளையை எடுத்தால், இலைகள் முகத்துக்குள் மட்டும் முளைக்கும். இரண்டுமே பளிச்சென்ற காட்சிகளானால் எதுவும் தேறாது.

செய்யக்கூடாதவை

• லென்ஸ் மூடியைக் கழற்றாமல் அழுத்தாதீர்கள். வியூஃபைண்டர் தனி என்பதால் காட்சி தெளிவாகத்தான் தெரியும். ஃபிலிமில் ஒன்றும் விழாது.

• அடியிலுள்ள சுவிட்சைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். பைக்குள் உரசி ‘பி’க்கு நகர்ந்திருந்தால், விரல் எடுக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். வெயில், மேகம் படம் போட்ட சுவிட்சை நம்பவும் வேண்டாம். பழைய ஹோல்காக்கள் பலவற்றில் அதை எப்படித் தள்ளினாலும் வெளிச்சம் மாறாது.

• முக்கியமானதை ஓரத்தில் வைக்காதீர்கள். துல்லியம் நடுவில் மட்டும்தான்.

• பொம்மைதானே என்று கண்டதையெல்லாம் சுடாதீர்கள். சதுரப் படமென்றால் ரோலுக்குப் பன்னிரண்டுதான். வெறும் பொம்மையும் அல்ல: 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட், வேட்பாளர் அல் கோரை இந்தக் கேமராவில் எடுத்துப் பரிசே வாங்கினார்.

• ரோலை லேபில் நீட்டிவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள். பாதி பாதியாகச் சுற்றி, படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுத்திருந்தால், “வெட்டாமல் முழு நீளமாகக் கொடுங்கள், கறுத்த ஓரத்தைச் சரிசெய்ய வேண்டாம்” என்று கவரின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.