மணி அடிக்காத காலை

கேள்வி: ஆசிரியப் பணியை விட்டபின், தினமும் எழுதவும் தியானத்தில் அமரவும் முயல்கிறேன், பழக்கம் நிலைக்கவில்லையே? – ஒரு வாசகி, சாயர்புரம்.

பதில்: தங்கள் ஊரில் 1840-களில் கல்விச்சாலை நிறுவிய ஜி.யு. போப், இந்தியப் பள்ளிகளைத் துறந்து இங்கிலாந்து சென்றபின் அன்றோ 1886-இல் திருக்குறளையும், 1893-இல் நாலடியாரையும், எண்பது பிராயம் நிறைந்த 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்! உற்சாகம் மட்டும் இத்தனையைச் சாதித்திராது; நியமமும் வேண்டும். பள்ளி மணி வகுத்த நியமம் போனதே தங்கள் சிரமத்துக்குக் காரணமென்று கருதுகிறேன். ஆதலால் முதற் பாடவேளைக்குரிய நேரத்தையே எழுத்துக்கு ஒதுக்கி, அதற்குமுன் சற்றே மூச்சைக் கவனித்து அமர்ந்து, பின்னர் முன்தினம் கண்ட ஏதேனும் ஒன்றை, அது தங்கள் பக்கத்துச் செந்நிறத் தேரிமணலேயாயினும், பத்து வரிகளில் எழுதுங்கள். திருத்தம் அன்றே வேண்டாம். சிவப்பு மையை ஞாயிறுவரை ஒளித்து வையுங்கள்.