தொழிலாளியின் புற்றுநோயும் முதலாளியின் கடமையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் முன்னோர் மொழி. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் ஆகியவையே அந்நான்கு. நாட்கூலிக்கும் வாரச் சம்பளத்துக்கும் உழைக்கும் இக்காலத் தொழிலாளிக்கு இந்நான்கும் போதா என்பது என் கருத்து. ஐந்தாவதாக ஒருவர் வேண்டும். அவர்தாம் வேலை கொடுத்தவர். புற்றுநோய் கண்ட தொழிலாளிக்கு அவர் என்ன செய்யலாம், அதற்கு என்ன செலவாகும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

நம் உடலின் செல்கள் ஓர் ஒழுங்கின்படி பிரிந்து பெருகுகின்றன. காலம் முடிந்ததும் மடிகின்றன. மரபுப் பொருளில் பிழைகள் சேரும்போது சில செல்கள் அவ்வொழுங்கை மீறிப் பெருகத் தொடங்குகின்றன. இதுவே புற்றுநோய். இது தொட்டால் ஒட்டும் நோயன்று. நோய் கண்டவரின் தண்ணீர்ச் சொம்பையோ சாப்பாட்டுத் தூக்கையோ தள்ளி வைப்பது அறியாமையாகும்.

தொழிலுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு புதிதன்று. 1775 ஆம் ஆண்டிலேயே இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடம் ஒரு வகைப் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் கண்டு, புகைக்கரியே காரணம் என்று எழுதினார். கல்நார்த் தூசும் பென்சீன் ஆவியும் புற்றுநோய் தருவன என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆகவே தொழிற்கூடத்தின் காற்றையும் தூசையும் கவனிப்பதே முதலாளியின் முதற்கடமை எனலாம்.

நாட்கணக்கு

இந்நோயில் மருந்துச் செலவை மட்டும் எல்லோரும் பேசுகிறோம். நாட்களின் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அறுவை முடிந்து புண் ஆறச் சில வாரங்கள் ஆகும். பிறகு மருந்தேற்றும் சிகிச்சை பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை நடைபெறும். ஆறு முறை என்றால் 6 × 21 = 126 நாட்கள். அதன்பின் கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள். இடையில் இரத்த அணுக்கள் குறைந்தால் மருந்து தள்ளிப் போகும். கூட்டினால் எட்டு, ஒன்பது மாதங்கள் எளிதில் கடந்துவிடும். அத்தனை நாளும் அடுப்பு எரிய வேண்டும். வாடகை கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

சட்டம் தரும் கை

இத்துயருக்கென்றே நம் நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், அதாவது இ.எஸ்.ஐ., 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து 1952 இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் வந்துள்ளது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் சேர்கின்றனர். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு.

இதில் மருத்துவம் மட்டுமன்றி, நோயால் இழந்த ஊதியத்துக்கு ஈடும் கிடைக்கிறது. சாதாரண நோய்க்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. புற்றுநோய் உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை. ஆனால் இந்த நீட்டித்த உதவியைப் பெற ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி இரண்டாண்டு தொடர்ந்து பணியில் இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் குறைந்தது 156 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஓராண்டு குறைந்த கதை

என் அத்தை ஒரு பனியன் கம்பெனியில் ஆறாண்டுகள் செக்கிங் வேலை பார்த்தார். மாத ஊதியம் 12,000 ரூபாய். மார்பில் கட்டி கண்டு, புற்றுநோய் என்று உறுதியான பிறகுதான் கணக்கு வெளிப்பட்டது. ஆறாண்டு உழைத்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறியது கடைசிப் பதினொரு மாதம் மட்டுமே.

“இ.எஸ்.ஐ. கார்டு இருக்குது கண்ணு. ஆனா வருசம் பத்தாதுங்கறாங்க” என்றார் அத்தை. அறுவையும் மருந்தும் கிடைத்தன. அந்த வகையில் திட்டத்தை வாழ்த்தவே வேண்டும். ஆனால் பணம் 91 நாளோடு நின்றது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். 12,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 ரூபாய். 70 விழுக்காடு 280. 91 நாளுக்கு 25,480 ரூபாய். சிகிச்சை 270 நாள் நடந்தது. மீதி 179 நாளுக்கு, 80 விழுக்காடு வீதம் நாள் ஒன்றுக்கு 320 ஆக, 57,280 ரூபாய் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் பெயரை முன்னரே பதிந்திருந்தால் முதலாளிக்கு ஆகியிருக்கும் செலவு மாதம் 390 ரூபாய்; ஆண்டுக்கு 4,680 ரூபாய். அவ்வளவே!

அந்த 179 நாளை யார் சுமந்தார்கள்? அத்தையின் மகள், என் வயதினள், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். விண்ணப்பப் படிவமும் வாங்கி வைத்திருந்தாள். அவள் இன்று பவர் டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டுகிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டாவது ஆளாக வந்திருக்க வேண்டியவள் அவள்.

இன்னொன்றும் கூற வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. ஆனால் அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் 12,000 பெறுபவரின் ஆண்டு வருமானம் 1,44,000 ஆகிறது. பதிவேட்டிலும் பெயரில்லை, வரம்புக்குள்ளும் இல்லை என்றால் அத்தொழிலாளி இரு படகுகளுக்கும் நடுவே நீரில் நிற்பவர் ஆகிறார்.

முதலாளி செய்யத்தக்கவை

முதலாவது, வேலைக்குச் சேர்ந்த அன்றே பெயரைப் பதிதல். பணியில் இடைவெளி காட்டி நீக்கி மீண்டும் சேர்க்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். காப்பீடு என்பது பலர் சிறிது கட்டி ஒருவரின் பெருஞ்செலவைத் தாங்கும் முறை. நோய் வந்தபின் கட்டும் சந்தா, வெள்ளம் வந்தபின் போடும் அணை போன்றது.

இரண்டாவது, 21,000 ரூபாய்க்கு மேல் பெறுவோர்க்குக் குழுக் காப்பீடு. இதில் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா, அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, மருத்துவமனையில் தங்காமல் ஒரே நாளில் ஏற்றும் மருந்துக்குப் பணம் உண்டா என்று கேட்டு, விடையைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, முன்கூட்டிய சோதனை. 30 வயதைக் கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதிக்க அரசு வழிகாட்டுகிறது. அரை நாள் கூலியோடு விடுப்புத் தந்து சோதனைக்கு அனுப்பினால், நோயைத் தொடக்கத்திலேயே காணலாம். தொடக்கத்தில் கண்ட நோய்க்குச் சிகிச்சையும் சிறிது, செலவும் சிறிது, பிழைக்கும் வாய்ப்போ பெரிது. புகையிலையைத் தொழிற்கூடத்திலிருந்து விலக்குவதும் இதனுள் அடங்கும்.

நான்காவது, வேலையைக் காத்து வைத்தல். தொடர்ந்த உடல்நலக் குறைவால் நீக்குவதை ஆட்குறைப்பாகக் கருதாத விதிவிலக்கு 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. அதன் இடத்தில் வந்த தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. எனவே சட்டம் நிற்கும் இடத்தில் மனிதத் தன்மை தொடர வேண்டும். அதில் இலாபமும் உண்டு. பழகிய கை போனால் புதிய கையைப் பழக்க மாதங்கள் ஆகும். பழகும் வரை துணியும் வீணாகும்.

ஐந்தாவது, திரும்பி வருபவருக்கு ஏற்ற வேலை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்க்குக் கை வீங்கக்கூடும். கனமான கட்டுகளைத் தூக்கலாகாது. குணமான பின் என் அத்தையைச் சேர்த்துக்கொண்ட வேறொரு சிறு கம்பெனி உரிமையாளர், “நீங்க பண்டல் தூக்க வேண்டாங்க, உட்கார்ந்தே பாருங்க” என்று ஒரு முக்காலியைப் போட்டார். மறுசோதனை நாட்களில் விடுப்பும் தருகிறார். அந்த முக்காலியின் விலை சில நூறு ரூபாய் இருக்கும். அதன் மதிப்பை எங்கள் வீட்டார் அறிவோம்.

ஆறாவது, நோயாளி விரும்பாத வரை நோயின் பெயரை வெளியில் சொல்லாமை. பத்துப் பேருக்கும் குறைந்த சிறு பட்டறைகள் பல சேர்ந்து ஒரு பொது நிதி வைக்கலாம். சிறிதாகத் தொடங்குவதில் இழிவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் 12 படுக்கைகளோடு தொடங்கியதே.

முடிவுரை

புற்றுநோய் யாரைத் தேர்ந்தெடுக்கும் என்பது நம் கையில் இல்லை. அது வந்தபின் ஒரு குடும்பம் நிற்குமா சாயுமா என்பது பெரும்பாலும் ஒரு பதிவேட்டின் ஒரு வரியில் இருக்கிறது. மாணவ நண்பர்களே! நம்மில் சிலர் நாளை கணக்கர் நாற்காலியிலும் மேலாளர் நாற்காலியிலும் அமர்வோம். அந்த வரியை எழுதும் பேனா அன்று நம் கையில் இருக்கும். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், தாய் தந்தையரின் இ.எஸ்.ஐ. அட்டையை வாங்கி, சேர்ந்த தேதியையும் சந்தா கட்டிய நாட்களையும் பாருங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.