சன்னல் இல்லாத நீர்மூழ்கியில் ஆயத்தொலைவுகள்

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எதையோ மும்முரமாக வரைந்துகொண்டிருந்தான். முந்தின வாரத் தேர்வில் (3, –2) என்ற புள்ளியை (–2, 3) இருக்க வேண்டிய இடத்தில் குறித்தவன் அவன். ஆறு புள்ளிகளில் ஐந்து தவறு. கோபத்தில் நோட்டைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

மதிய உணவு இடைவேளையில்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். வளைந்து நெளிந்த பாறைச் சுவர்கள், நடுவே கால்வாய்கள், ஆங்காங்கே புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள், அவற்றின் கீழே ஒரு கோணம். புள்ளிகளுக்கு இடையே அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தான். என் பாடத்தில் ஒரு புள்ளியைக்கூடச் சரியாகக் குறிக்காதவன் வரைந்த வரைபடம் அது.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"கேம் டீச்சர். அண்ணன் லேப்டாப்ல இருக்கு. வெளிய எதுவும் தெரியாது. நம்பரைப் பார்த்துத்தான் போகணும்."

விளையாட்டின் பெயர் 'அயர்ன் லங்'. அன்று மாலையே கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் சொல்லி அதை வாங்கி நிறுவச் சொன்னேன். பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல் தனியொருவரோ சிறு குழுவோ உருவாக்கும் விளையாட்டுகளை 'இண்டி' என்கிறார்கள். இதை உருவாக்கியவர் டேவிட் சிமான்ஸ்கி என்ற அமெரிக்கர். 2022 மார்ச் மாதம் வெளியானது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

கதை இதுதான். பிரபஞ்சத்தில் விண்மீன்களும் மனிதர் வாழத்தக்க கோள்களும் ஒரு நாள் மறைந்துவிடுகின்றன. விண்கலங்களிலும் விண்வெளி நிலையங்களிலும் இருந்தவர்கள் மட்டும் எஞ்சுகிறார்கள். ஒரு துணைக்கோளில் குருதிக் கடல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதன் அடித்தளத்தை ஆராய ஒரு கைதியைத் துருப்பிடித்த சிறிய நீர்மூழ்கிக்குள் வைத்து, கதவைப் பற்றவைத்து, கீழே இறக்குகிறார்கள். அந்தக் கைதிதான் நாம். ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் சன்னலையும் இரும்பால் மூடிவிடுகிறார்கள்.

ஆக, வெளியே எதுவும் தெரியாது. முன்னால் ஒரு பலகை. அதில் முன்னே, பின்னே செல்லவும் இடம், வலம் திரும்பவும் பொத்தான்கள், எக்ஸ், ஒய் எண்கள், திசைக்கோணம். கையில் ஒரு வரைபடம். சுவர் அருகே வந்தால் எச்சரிக்கை விளக்கு மினுக்கிச் சத்தம் போடும். பின்பக்கம் ஒரு கேமரா பொத்தான். அதை அழுத்தினால் வெளியே இருப்பது மங்கலான ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகத் திரையில் வரும். குறித்த இடத்துக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

பயமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கைந்து முறை பாறையில் மோதினேன். ஒருமுறை எண்களை மாற்றிப் படித்து எங்கோ போய்ப் படம் எடுத்தேன். வந்தது வெறும் பாறை. "அம்மா, எக்ஸையும் ஒய்யையும் மாத்திட்டீங்க," என்று மகள் சிரித்தாள். இருபது ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறேன்.

ஆனால் அந்தத் தவறை எனக்குச் சுட்டிக்காட்ட மகள் தேவைப்பட்டிருக்கவில்லை. படமே சொல்லிவிட்டது. நம் வகுப்பறையில் ஒரு மாணவன் புள்ளியை மாற்றிக் குறித்தால் அது அவனுக்குத் தெரிவதே இல்லை. இரண்டு நாள் கழித்துச் சிவப்பு மையில் வரும் பெருக்கல் குறிதான் முதல் செய்தி. அதற்குள் அவன் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பான்.

இந்த விளையாட்டை நேரடியாக வகுப்பில் காட்டலாமா என்றால், கூடாது என்பதே என் கருத்து. குருதிக் கடல், திடீர் அதிர்ச்சி, நம்பிக்கையற்ற கதை. இது சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டதன்று. அந்த மாணவனின் அம்மாவை அழைத்து இதையும் சொன்னேன். ஆனால் அதன் எலும்புக்கூட்டை, அதாவது பார்க்காமல் எண்களை நம்பிப் பயணிப்பது என்ற அமைப்பை, வரைபடத்தாளுக்குக் கொண்டுவர முடியும் என்று தோன்றியது.

முதல் நாள் சொதப்பினேன். விளையாட்டின் மயக்கம் எனக்கு இன்னும் தெளியவில்லை போலும். வகுப்பறைச் சன்னல்களை அடைத்து, விளக்கை அணைத்து, கைப்பேசியில் தண்ணீர் சத்தத்தை ஓடவிட்டேன். பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்ந்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து விளக்கைப் போட்டபோது இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு இருட்டு ஒத்துக்கொள்ளாது என்பது அவளுடைய தோழிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வகுப்பாசிரியரான எனக்குத் தெரியவில்லை. அன்றைய வகுப்பை அத்துடன் நிறுத்தி அவளோடு வெளியே போய் உட்கார்ந்தேன். பயம் வேண்டுமென்று விலை கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் அது விளையாட்டு. கட்டாயமாக உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு அப்படியல்ல.

மறுநாள் சன்னல்கள் திறந்தே இருந்தன. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வைத்து நடுவில் புத்தகப் பைகளை அடுக்கச் சொன்னேன். ஒருவர் மாலுமி, மற்றவர் கடல். இருவரிடமும் –10 முதல் 10 வரை அச்சுகள் வரைந்த வரைபடத்தாள். மாலுமியின் தாளில் படம் எடுக்க வேண்டிய ஐந்து இடங்களின் ஆயத்தொலைவுகள் மட்டும் எழுதியிருக்கும். கடலின் தாளில் அவற்றோடு பன்னிரண்டு பாறைகளும் இருக்கும். மாலுமி தான் அடுத்துப் போகும் புள்ளியைச் சொல்வார். கடல் அளவுகோலை வைத்துப் பாதையைப் பார்க்கும். பாறைக்கு ஓரலகுத் தொலைவுக்குள் வந்தால் மேசையில் ஒரு தட்டு. பாறை மீதே மோதினால் இரண்டு தட்டு. பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சரியான இடத்தில் "படம்" என்று சொன்னால், நான் முன்பே வெட்டி வைத்திருந்த ஓவியத்தின் ஒரு துண்டு கிடைக்கும். தவறான இடமென்றால் "வெறும் தண்ணீர்". அதற்கு மேல் கடல் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியைக் காப்பதுதான் கடினம். நம் பிள்ளைகள் நண்பனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருக்கமாட்டார்கள்.

அந்த மாணவி தட்டுச் சத்தம் வேண்டாம், "கிட்டே" என்று வாயால் சொன்னால் போதும் என்றாள். அவளுடைய மேசையில் அப்படியே ஆயிற்று.

முதல் சுற்றில் "வெறும் தண்ணீர்" என்பதே வகுப்பெங்கும் கேட்டது. ஒருவன் (3, –2)க்குப் போவதாக நினைத்து (–2, 3) என்று சொல்லிவிட்டு, ஓவியம் வரவில்லை என்று சண்டை போட்டான். பிறகு தன் தாளையே ஒரு நிமிடம் பார்த்தான். "ச்சே, நான் மேல போயிட்டேன்," என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன், எதுவும் சொல்லவில்லை.

எரிபொருள் என்ற விதியைச் சேர்த்தபோதுதான் பாடம் சூடுபிடித்தது. மொத்தம் 60 அலகு. கட்டங்களின் வழியே போனால் கட்டங்களை எண்ணலாம். குறுக்கே போக வேண்டுமானால் தொலைவைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். (2, 1)இலிருந்து (5, 5)க்குக் கட்டம் கட்டமாகப் போனால் 7 அலகு, குறுக்கே 5. (–3, 2)இலிருந்து (5, –4)க்கு 14, குறுக்கே 10. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவுக்கான சூத்திரத்தை நான் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே, "டீச்சர், இது பிதாகரஸ்தானே?" என்று மூன்று மேசைகளில் இருந்து கேட்டார்கள். குறை எண் வரும்போது 5 – (–3) என்பதை 2 என்று எழுதியவர்களுக்கு எரிபொருள் கணக்கு உதைத்தது. எதிரில் இருந்தவர் விடவில்லை.

மூன்றாம் நாள் கோணத்தையும் சேர்த்தேன். "வடக்கு 0, கிழக்கு 90" என்று தொடங்கினேன். சாரணர் இயக்கத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "திசைகாட்டியில அப்படித்தான் டீச்சர். ஆனா கோணமானியில வலதுபக்கந்தானே 0? எது சரி?" நான் தயாராக இருக்கவில்லை. இரண்டும் சரி. மாலுமிகள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கிறார்கள். கணிதத்தில் எக்ஸ் அச்சின் மிகைத் திசையிலிருந்து இடஞ்சுழியாக அளக்கிறோம். 90இலிருந்து ஒன்றைக் கழித்தால் மற்றது வரும். தெற்கு திசைகாட்டியில் 180. கழித்தால் –90, அதாவது 270. இதை வகுப்போடு சேர்ந்து கரும்பலகையில்தான் கண்டுபிடித்தேன். பாடக்குறிப்பில் அது இல்லை.

அறிவியல் ஆசிரியரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். போர் நீர்மூழ்கிகளுக்கும் பெரும்பாலும் சன்னல் கிடையாது, ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தடைகளின் தொலைவை அறிகிறார்கள் என்று சோனாரை விளக்கினார். விளையாட்டின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. இரும்பு நுரையீரல் என்பது இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை உயிரோடு வைத்திருந்த கருவி. அமெரிக்காவில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கியது. 1928இல் பாஸ்டனில் ஒரு சிறுமிக்கு முதன்முதலில் பயன்பட்டது. தலை மட்டும் வெளியே இருக்க, உடல் முழுவதும் ஓர் இரும்பு உருளைக்குள். சொட்டு மருந்தைப் பற்றிப் பேச அவருக்கு நல்ல வாய்ப்பாயிற்று.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த தேர்வில் எல்லாப் புள்ளிகளையும் சரியாகக் குறித்திருந்தான். தொலைவுக் கணக்கில் √52 வரை வந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான். 2√13 என்று சுருக்கவில்லை. நிரூபிக்கச் சொன்ன கணக்கைத் தொடவே இல்லை. தேர்ச்சி பெற்றான், அதிகமாக இல்லை. மெய்யெண்கள் பாடத்துக்கு அவனை மறுபடியும் கூட்டிப்போக வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை.

நோட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்து, பிடுங்கியதற்கு வருத்தம் தெரிவித்தேன். "பரவால்ல டீச்சர்," என்றவன், அடுத்த சுற்றுக்குக் கடலை நானே வரையட்டுமா என்று கேட்டான். போன வெள்ளிக்கிழமை கொண்டுவந்தான். பாறைகள் இருபத்து மூன்று. நான் மாலுமியாக உட்கார்ந்தேன். நான்காவது நகர்விலேயே மேசையில் இரண்டு தட்டு விழுந்தது. (–4, 1)இல் ஒரு பாறை.