செஷனுக்கு இரண்டு கெடு

டாம்கேட் சர்வரை நிறுவியதும் செஷன் காலாவதி 30 நிமிடம் என்று இருக்கும். அதைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த 30 நிமிடம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. லாகின் செய்த நேரத்திலிருந்து அல்ல, செஷனைக் கடைசியாகத் தொட்ட கோரிக்கையிலிருந்து. குக்கீயைத் திருடியவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், அந்தச் செஷன் முடியவே முடியாது. புதிய அறிவிப்பு உண்டா என்று நிமிடந்தோறும் சர்வரைக் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் திருடன்கூடத் தேவையில்லை. ஆள் வீட்டுக்குப் போன பிறகும் திறந்து கிடக்கும் பக்கமே அதைச் செய்துவிடும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2017இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டி, இரண்டாம் உறுதிநிலைக்குச் சும்மா இருந்தால் 30 நிமிடம், மொத்தமாக 12 மணி நேரம் என இரண்டு கெடு வைத்தது இதனால்தான்.

முதலில் உங்கள் செயலியின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் செஷன்-டைம்அவுட்டை 15 என்று மாற்றுங்கள். இங்கே கணக்கு நிமிடத்தில். ஜாவா நிரலில் செட்மேக்ஸ்இன்ஆக்டிவ்இன்டர்வல் கேட்பதோ வினாடி. குழம்பி அங்கும் 15 என்று எழுதினால் பயனர் மூச்சுவிடுவதற்குள் வெளியே நிற்பார். பூஜ்யம் போட்டால் செஷன் காலாவதியே ஆகாது. அடுத்து, லாகின் வெற்றியானதும் செஷன் அடையாள எண்ணை மாற்றி, அந்த நேரத்தைச் செஷனிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு ஃபில்டர் அதைப் பார்த்து, 8 மணி நேரம் கடந்திருந்தால் இன்வேலிடேட் செய்யட்டும். பயனர் கடைசியாக இயங்கிய நேரத்தையும் அதே ஃபில்டர் தனியாகக் குறிக்கட்டும். அறிவிப்பு கேட்கும் முகவரி வந்தால் மட்டும் குறிக்காமல் விடட்டும். 15 நிமிடக் கெடுவை இந்தக் குறிப்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குக்கீக்கே ஆயுள் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிரவுசர் தன் பிரதியை அழிக்கும், வேறொருவர் எடுத்து வைத்த பிரதியைச் சர்வர் ஏற்றுக்கொண்டுதான் இருக்கும். பாதிப் படிவத்தில் வெளியே தள்ளினால் மனிதர் என்ன செய்வார் என்பது இதைவிட நியாயமான கேள்வி. அதற்காகக் கெடுவை நீட்ட வேண்டாம். படிவத்தை வரைவாகச் சேமியுங்கள், இரண்டு நிமிடம் முன்பே எச்சரித்து நீட்டிப்புப் பொத்தான் கொடுங்கள். அந்தப் பொத்தான் முதல் கெடுவை மட்டும்தான் நீட்டலாம், 8 மணி நேரத்தை அல்ல. காலாவதிக்குப் பின் வரும் அஜாக்ஸ் கோரிக்கைக்கு லாகின் பக்கத்தை அனுப்பாமல் 401 அனுப்புங்கள்.

சோதிக்க, ஃபில்டரின் செயலின்மைக் கெடுவை 1 நிமிடமாக்கி, அறிவிப்பு கேட்கும் பக்கத்தைத் திறந்தபடியே விட்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். செஷன் இன்னும் உயிரோடிருந்தால், விலக்கப்படாத வேறேதோ கோரிக்கை பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அணுகல் பதிவைத் திறந்தால் அதன் முகவரி தெரிந்துவிடும்.