குளிரும் டயரும்

மார்கழி பிறந்தால் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும் நமக்குக் குளிரைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது 1884 ஜனவரி 13-ஆம் நாள் பதிவானது. அன்பர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதத்தில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அந்நகரம் உள்ள கியூபெக் மாகாணத்தில் கார்களுக்குக் குளிர்கால டயர் போடுவது 2008 முதல் கட்டாயம். முதலில் டிசம்பர் 15 எனத் தொடங்கிய கெடுவை 2019-இல் டிசம்பர் 1 என்று முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மார்ச் 15 வரை அந்த டயர்கள் இருக்க வேண்டும்.

"கடையில் இருபத்தெட்டாம் தேதிக்கு நாள் கொடுத்திருக்காங்க மாமா. சட்டப்படி அது போதும்" என்றார் மாப்பிள்ளை. தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் இயந்திரங்களோடு பழகியவன் என்ற தைரியத்தில் நானும், "ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டிதானே, பயமென்ன?" என்றேன்.

இரண்டு நாளில் முதல் பனி பொழிந்தது. பேத்தியைப் பள்ளியில் விடக் கிளம்பினோம். சிறிய இறக்கம், அதன் முடிவில் நாற்சந்தி. மாப்பிள்ளை மெதுவாகத்தான் ஓட்டினார். பிரேக்கை மிதித்தார். கடகடவென்று சத்தம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டிச் சந்தியின் நடுவில் போய் நின்றது. ஒரு பேருந்து அப்போதுதான் எங்களைக் கடந்து போயிருந்தது. சற்று முந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நடுங்குகிறது.

பின் இருக்கையிலிருந்து பேத்தி, "கார் ஏன் நிக்கலை தாத்தா?" என்று கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. பிறகு படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

காரைச் சாலையோடு பிணைப்பது டயர் ஒன்றுதான். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அந்த ரப்பர் மென்மையாக இருந்தால்தான் சாலையின் மேடுபள்ளங்களைக் கவ்விப் பிடிக்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. பனி பெய்யாத வறண்ட சாலையிலும் பிடிப்பு குறைகிறது. குளிர்கால டயரின் ரப்பர்க் கலவை கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்விக்கொள்ளும்.

ஏபிஎஸ் செய்வதெல்லாம் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதுதான். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

குளிர் நாடுகளில் வண்டி ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை:

1. சட்டத்தின் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். காலை வேளையில் வெப்பம் 7 டிகிரியை நெருங்கும்போதே டயரை மாற்றுங்கள்.

2. நான்கு டயர்களையும் மாற்ற வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிச் சுழலும்.

3. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

4. வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். அடிக்கடி சோதியுங்கள்.

5. வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நல்ல டயரும் இந்த விதியை மாற்றாது.

இனி நம் ஊருக்கு வருவோம். பதிவேட்டிலேயே 7 டிகிரிக்குக் கீழே இறங்காத பெங்களூருக்குக் குளிர்கால டயர் வேண்டியதில்லை. வெப்பமான சாலையில் அது விரைவில் தேய்ந்தும் போகும். ஆனால் நமக்கும் ஒரு வழுக்கல் காலம் உண்டு. ஏப்ரல், மே மாதக் கோடை மழையின் முதல் தூறலில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். அந்த நீரை வெளியேற்றுவது டயரின் பள்ளங்களே. கார் டயரில் அந்தப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ஊர் திரும்பியதும் என் காரின் டயரைக் குனிந்து பார்த்தேன். தேய்மானம் மேட்டைத் தொட்டிருந்தது. அந்த வண்டியில்தான் ஓசூர் சாலையில் மழையில் போய் வந்துகொண்டிருந்தேன்! மறுநாளே நான்கையும் மாற்றினேன்.

நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று குளிர் நாடுகளில் வாழ்கிறார்கள். அக்டோபர் மாதம் தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் கையோடு, "டயர் மாற்றியாயிற்றா?" என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வண்டியின் டயரையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.